பாப்பா படம் ஏன் போடறதில்லைன்னு கேட்டவங்களுக்கு



மஞ்ச வெட்டி, வேக வெச்சு, களத்துல கொட்டியாச்சு. காலையில வெயில் ஏறினதும் பெரட்டி விடோணும். பொழுதோட பனி எறங்கறதுக்கு முந்தி குவிச்சு, தார்ப்பாய் போட்டு மூடோணும். நடுவுல கொஞ்சம் நேரம் கிடைக்குது. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த ஒண்ணை இன்னிக்கு எழுதிடலாம்னு சாளைத் திண்ணையில உக்காந்திருக்கேன்.

இதைப் படிக்கிற சென்னை, பெங்களூர்க்காரங்க ரெண்டு மூணு பேரு என்கிட்ட கேட்டிருந்தீங்க. "முன்னெல்லாம் பாப்பா கன்னுக்குட்டியோட நிக்கற படம், மஞ்ச பெரட்டற படமெல்லாம் போடுவீங்களே, இப்ப ஏன் மாடும் காடும் மட்டும் வருது?"ன்னு. நான் ஏதோ சொல்லி மழுப்பிட்டேன். உண்மையான காரணம் இதுதான். பாப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். எழுதினதை அவளுக்குப் படிச்சும் காமிச்சேன். ரெண்டு இடத்துல அடிக்கச் சொன்னா, அடிச்சுட்டேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, தை கடைசி. பாப்பா அப்ப பத்தாவது. லீவு நாளு, களத்துல மஞ்ச பெரட்டிக்கிட்டு இருந்தா. தலையில துண்டு, என்ற பழைய முழுக்கைச் சட்டை, மூஞ்சியெல்லாம் மஞ்சத்தூசி. நான் போனை எடுத்து, "மஞ்ச காஞ்சிருச்சான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது, சொல்லு கண்ணு"ன்னேன். அவ ஒரு வெரலியை எடுத்து, "உடைச்சாத் தெரியுங்க. நல்லாக் காஞ்சா டங்குன்னு சத்தம் வரோணுங்க"ன்னு சொல்லி, உடைச்சுக் காமிச்சு, பல்லு தெரியச் சிரிச்சா. நாப்பது செகண்டு வீடியோ. ஃபேஸ்புக்ல போட்டேன். நெறையப் பேரு பகிர்ந்தாங்க. 'மண்ணின் மகள்'னு எல்லாம் எழுதினாங்க. அந்த ஒரு வீடியோவுல இருவது கிலோ மஞ்சத்தூள் வித்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல.

போடறதுக்கு முந்தி பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நம்ம புள்ளை, நம்ம களம், இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குன்னு நெனச்சேன்.

மூணு வாரம் கழிச்சுத்தான் ஒவ்வொண்ணா கண்ணுல பட ஆரம்பிச்சுது. ஸ்கூல் விட்டு வந்ததும் நேராக் கன்னுக்குட்டிகிட்டப் போறவ, கட்டுத்தரைப் பக்கமே வர்றதில்ல. கைய எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேச்சுக்கிட்டே இருப்பா. நகக்கண்ணுல மஞ்சக் கறை போகோணுமாம். திங்கக்கிழமையானா வயித்துவலி. பரிச்சைக்குப் படிக்கிற புள்ளை, பயந்திருக்கும்னு எங்க வீட்டம்மா சுக்குக் காப்பி வெச்சுக் குடுத்தா. நானும் கண்டுக்கல. அந்த வாரம் எனக்கு மஞ்ச வெலைதான் கவலை.

ஒரு நாள் ராத்திரி ஒரு மணி இருக்கும். எங்களுக்கு மும்முனைக் கரண்டு ராத்திரி முறை. மோட்டார் போடப் போனேன். கட்டுத்தரையில சின்னதா வெளிச்சம் தெரிஞ்சுது. பாத்தா, பாப்பா கன்னுக்குட்டி பக்கத்துல தரையில உக்காந்து போனைப் பாத்துக்கிட்டு இருக்கா. அழுகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா. எனக்கு அதுதான் பயமாப் போச்சு.

கேட்டேன். சொல்லல. போனைப் புடுங்கிப் பாத்தேன்.

வகுப்புல நாப்பத்திரெண்டு பேரு. அத்தனை பேரும் இருக்கற வாட்ஸ்அப் குரூப்பு. கொரோனாவுல ஆன்லைன் வகுப்புக்குன்னு ஆரம்பிச்சது, அப்படியே நின்னுருச்சு. அதுல என்ற வீடியோவை யாரோ எடுத்து வெட்டி, பாப்பா மூஞ்சிய ஸ்டிக்கர் ஆக்கியிருக்காங்க. பல்லைப் பெருசு பண்ணி ஒண்ணு. எருமைத் தலை ஒட்டி ஒண்ணு. 'டங்குன்னு சத்தம் வரோணுங்க'ங்கறதை மட்டும் குத்துப்பாட்டுல சேத்து ஒண்ணு. யாரு என்ன பேசினாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர். அவ பேரே 'டங்கு' ஆயிருச்சு. அது பத்தாதுன்னு இன்ஸ்டாகிராம்ல அவ பேர்ல, அவ மூஞ்சியோட ஒரு போலிக் கணக்கு. 'சாணி வீடு தேடி வரும்'னு கீழ எழுதியிருக்கு. அந்தக் கணக்குல இருந்து மேல் வகுப்புப் பசங்களுக்கு 'ஹாய்'னு மெசேஜ் வேற போயிருக்கு. அவனுங்க இவதான் அனுப்பினான்னு நெனச்சுப் பதில் போட்டிருக்கானுங்க. அந்தப் பதிலையெல்லாம் இங்க எழுத முடியாது.

எல்லாத்துக்கும் மூலம் நான் எடுத்த நாப்பது செகண்டு.

இப்ப நான் செஞ்ச தப்பையெல்லாம் வரிசையாச் சொல்றேன். உங்க வீட்டுல இப்படி ஒண்ணு வந்தா நீங்களும் இதையேதான் செய்வீங்க, அதனால சொல்றேன்.

முதல் தப்பு, "நாளையில இருந்து உனக்குப் போன் கிடையாது"ன்னேன். பாப்பா என்னை நிமிந்து பாத்து, "இதுக்குத்தாங்கப்பா சொல்லல"ன்னா. அடி வாங்கின மாதிரி இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. தப்புப் பண்ணினது வேற ஒருத்தன், தண்டனை எம்புள்ளைக்கு. போனைப் புடுங்கினா அந்தக் குரூப்பு நின்னுருமா? அது பாட்டுக்கு நடக்கும். நடக்கறது இவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கூட நிக்கற ஒண்ணு ரெண்டு பேர்கிட்டப் பேசற வழியும் அடைஞ்சு போயிரும்.

ரெண்டாவது தப்பு, கொஞ்சம் எறங்கி வந்து, "கண்டுக்காத விடு கண்ணு, நாங்க பாக்காததா"ன்னேன். எங்க ஊர்ல பட்டப்பேர் இல்லாத ஆளே கிடையாது. ஆனா எங்க காலத்துல வாய்க்கா மேட்டுல கேலி பண்ணினா, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினா முடிஞ்சுது. அடுத்த நாள் காலையில வரைக்கும் நிம்மதி. இவளுக்கு அந்தக் கதவே கிடையாது. தலகாணிக்கு அடியில ராத்திரி பூரா அந்த வாய்க்கா மேடு மொனகிக்கிட்டே கெடக்குது. எங்களைக் கேலி பண்ணினவன் கண்ணுக்கு முன்னாடி நின்னான், நாம அழுதா அவனுக்குத் தெரியும். இங்க ஸ்டிக்கர் போடறவனுக்கு இவ மூஞ்சி வாடறதே தெரியாது.

மூணாவது தப்பு, அந்தப் பையன் யாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, கோழி கூப்பிடறதுக்கு முந்தியே வண்டிய எடுத்தேன். பால் கறந்துக்கிட்டு இருந்த எங்க ஆத்தா கூப்பிட்டு நிறுத்துச்சு. எங்க போறேன்னு கேட்டுது. சொன்னேன். ஆத்தா மடிய விட்டுக் கையெடுக்காம, "நீ போயி அவனை ரெண்டு அறை வெச்சா, அதையும் ஒருத்தன் போன்ல புடிப்பான். அப்பறம் புள்ளையோட சேந்து அப்பனும் ஆடுவான் அதுல"ன்னுச்சு.

எழுவத்தஞ்சு வயசு. போன் எடுத்துப் பேசத் தெரியாது. ஆனா விசயம் அதுக்குத்தான் முதல்ல புரிஞ்சுது. வண்டிய நிறுத்திட்டேன்.

கொழுந்தியா மக கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்குது. அன்னிக்குப் பாப்பா, நான், வீட்டம்மா மூணு பேரும் உக்காந்து அதுக்குப் போன் போட்டோம். அது முதல்ல என்கிட்டப் பேசல. "பாப்பாகிட்டக் குடுங்க சித்தப்பா"ன்னுச்சு. அரை மணி நேரம் ரெண்டும் பேசிக்கிட்டாங்க. அப்பறம் செய்ய வேண்டியதைச் சொல்லுச்சு.

எதையும் அழிக்காத, எதுக்கும் பதில் போடாத. முதல்ல எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடு. தேதி, நேரம், அனுப்பின நம்பர் தெரியறாப்ல எடு. போலிக் கணக்கோட பேரையும் லிங்கையும் நோட்டுல எழுதி வை. அதுக்கப்பறம் ரிப்போர்ட் பண்ணு. இன்ஸ்டாகிராம்ல ஆள்மாறாட்டத்துக்குன்னு தனி ரிப்போர்ட் இருக்குது, கணக்கே இல்லாதவங்க கூடக் குடுக்கலாம். அதுக்கும் அப்பறம்தான் ப்ளாக் பண்ணோணும். முதல்லயே கோவத்துல எல்லாத்தையும் அழிச்சுட்டா, நாளைக்கு ஸ்கூல்லயோ போலீஸ்லயோ காமிக்கக் கையில ஒண்ணும் இருக்காது.

சட்டத்தையும் சொல்லுச்சு. நம்ம ஆளுங்க நெறையப் பேரு இன்னமும் 66ஏன்னு ஒரு பிரிவைச் சொல்லுவாங்க. அதை 2015-லயே உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிருச்சு. ஆனா 2000-வது வருசத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல அடுத்தவங்க அடையாளத்தைத் திருடறதுக்கு 66சி, ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்தறதுக்கு 66டி இருக்குது. ரெண்டுக்கும் மூணு வருசம் வரைக்கும் தண்டனை. ஆபாசமாப் படம் போட்டா 67. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைங்களை ஆபாசமாக் காட்டினா 67பி, கூடவே போக்ஸோ. அது போக, 2021-ல வந்த விதிப்படி, ஆள்மாறாட்டம், மார்ஃபிங் படத்துக்குச் சம்பந்தப்பட்டவங்க புகார் குடுத்தா குறிச்ச நேரத்துக்குள்ள அந்த நிறுவனம் நடவடிக்கை எடுக்கோணும்.

இதையெல்லாம் நானே செஞ்சுடறேன்னு போனை வாங்கப் போனேன். கொழுந்தியா மக தடுத்துருச்சு. "அவளே பண்ணட்டும் சித்தப்பா, நீங்க பக்கத்துல மட்டும் உக்காருங்க." அப்ப எனக்கு அது புரியல. பாப்பா ஒவ்வொண்ணா எடுத்து, நோட்டுல கோடு போட்டு, 1, 2, 3ன்னு எழுதினா. மொத்தம் முப்பத்தேழு. ஆரம்பத்துல கை நடுங்குச்சு. இருவதாவது தாண்டினதும், "இவனுக்கு எழுத்துப்பிழை இல்லாம எழுதக்கூடத் தெரியலீங்கப்பா"ன்னா. மூணு வாரத்துல அவ வாயில இருந்து வந்த முதல் கேலி அதுதான். அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு தோசை சாப்பிட்டா.

ஸ்கூலுக்குப் போனோம். ஆபீஸ்ல முதல்ல, "வீட்டுல போன் குடுக்கறது உங்க தப்புங்க, ஸ்கூலுக்கு வெளிய நடக்கறதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்"னாங்க. நோட்டை எடுத்து மேசையில வெச்சேன். முப்பத்தேழுல பதினாறு ஸ்கூல் நேரத்துல போட்டது. அதுக்கப்பறம் பேச்சு மாறுச்சு. வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு விட்டாங்க.

அந்த டீச்சரம்மாவை நான் மறக்க மாட்டேன். பாப்பா பேரைச் சொல்லி வகுப்புல ஒண்ணும் பேச வேண்டாம்னு முதல்லயே முடிவு பண்ணிருச்சு. பொதுவா, "குரூப்புல நடக்கறது எனக்குத் தெரியும். சிரிச்சவங்க எத்தனை பேரு, புடிக்காம சும்மா இருந்தவங்க எத்தனை பேரு, பேர் போடாமச் சீட்டுல எழுதிக் குடுங்க"ன்னு கேட்டிருக்குது. முப்பத்தொம்பது சீட்டு வந்துச்சு. சிரிச்சேன்னு எழுதினது பதினொண்ணு. மிச்சம் இருவத்தெட்டும், புடிக்கல, என்ன பண்றதுன்னு தெரியல, பேசினா என்னையும் பண்ணுவாங்கன்னு எழுதியிருந்துச்சாம்.

அதைப் பாப்பாகிட்ட டீச்சர் சொன்னதும்தான் அவ அழுதா. அது வரைக்கும் நாப்பத்தொரு பேரும் சிரிக்கறாங்கன்னே நெனச்சுக்கிட்டு இருந்திருக்கா. ரெண்டு புள்ளைங்க ஸ்டிக்கர் வந்த அன்னிக்கே குரூப்பை விட்டு வெளிய போயிருக்குதுங்க. ஆனா இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல, சங்கடமா இருந்துச்சாம். அடுத்த நாள் அதுங்க ரெண்டும் வந்து, "நாங்க சிரிக்கலடி"ன்னு சொல்லிப் பக்கத்துல உக்காந்து சோறு தின்னிருக்குதுங்க. நான், போலீஸு, சட்டம் எல்லாத்தையும் விட அந்த ஒரு நேரச் சோறுதான் அவளை நிமித்துச்சு.

அதனாலதான் சொல்றேன், உங்க புள்ளை இதுல மாட்டாம இருக்கலாம். ஆனா மாட்டின புள்ளைக்குப் பக்கத்து பெஞ்சுல உங்க புள்ளை இருக்கும். எதுத்துச் சண்டை போடோணும்னு இல்ல. தனியா ஒரு மெசேஜு, 'எனக்கு இது புடிக்கல, நான் உன் பக்கம்'னு போட்டாப் போதும். அதைப் பழக்கிக் குடுங்க.

இப்ப அந்தப் பையன் கதை. ஸ்டிக்கர் பண்ணினவன் யாருன்னா, எங்க களத்துக்கு வருசா வருசம் மஞ்ச வேக வைக்கிற மெசின் கொண்டு வர்றவரோட மகன். அவன் போட்டுக்கற சட்டை, கட்டற ஃபீஸு எல்லாம் மஞ்சளால வர்றது. அவனுக்கு மஞ்சத்தூசி படிஞ்ச மூஞ்சி எப்படிக் கேலியாத் தெரிஞ்சுதுன்னு எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. அவரு மகனைக் கூட்டிக்கிட்டுப் பொழுதோட சாளைக்கு வந்தாரு. வந்ததும் வராததுமா என் முன்னாடி அவனை அடிக்கக் கை ஓங்கினாரு. நான் புடிச்சுக்கிட்டேன். "வேண்டாமுங்க மாப்ள, அடிச்சா அவனுக்கு அடிதான் ஞாபகம் இருக்கும்"னேன்.

பையன் தலைய நிமித்தல. "சும்மா தமாசுக்குத்தாங்க மாமா பண்ணினேன். இவ்வளவு ஆகும்னு நெனைக்கல. ஐடி நான் ஆரம்பிக்கல, சாமி சத்தியமா"ன்னான். தமாசுக்குத்தான்கறது உண்மையாத்தான் இருக்கும். எனக்கு அந்த வார்த்தை வேற ஒரு இடத்துல போயிக் குத்துச்சு.

எட்டாவது படிக்கிறப்ப எங்க வகுப்புல ஒரு பையனுக்குப் பேச்சு திக்கும். பாடம் படிக்கச் சொன்னா முதல் எழுத்துலயே நின்னுக்குவான். வாய்க்கா மேட்டுல அவன் வர்றப்பவெல்லாம் நாங்க நாலஞ்சு பேரு அதே மாதிரி பேசிக் காமிப்போம். அதுல நல்லாப் பண்றது நாந்தான்னு எனக்குப் பேரு. ஒம்பதாவதுக்கு அவன் வரல. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். வீட்டுல கஷ்டம்னு ஊர்ல சொன்னாங்க, நானும் முப்பது வருசமா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். மாரியம்மன் பண்டிகைக்கு வருவான். எல்லார்கிட்டயும் நின்னு பேசுவான், என்கிட்ட மட்டும் 'சௌக்கியமா'ன்னு ஒத்தை வார்த்தையோட போயிருவான். ஏன்னு நான் யோசிச்சதே இல்ல.

போன வருசம் பண்டிகையில அவனைத் தேடிப் போயி, "அன்னிக்கு அப்படிப் பண்ணினதுக்கு மன்னிச்சுக்கடா"ன்னேன். அவன் சிரிச்சான். "அட விடுடா, இதுக்குப் போயி"ன்னான். சித்த நேரம் கழிச்சு, "நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்"ன்னான். நான் மறந்துதான் இருந்தேன். அவன் மறக்கல.

அதனால அந்தப் பையனை நான் வையல. பாப்பாவைக் கூப்பிட்டு, "என்ன பண்ணலாம், நீ சொல்லு கண்ணு"ன்னேன். போலீசுக்குப் போறதுன்னா போகலாம், மாவட்டத்துல சைபர் கிரைம் ஸ்டேசன் இருக்குது. வயசு கம்மிங்கறதால அவனுங்களை ஜெயில்ல போட மாட்டாங்க, சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும்னு வெவரத்தையும் சொன்னேன். அவ ஒரு நாள் யோசிச்சா. "ஸ்டிக்கர் பண்ணினவன் குரூப்புல எல்லார் முன்னாடியும் தப்புன்னு எழுதோணும். போலிக் கணக்கு மூணு நாள்ல போகலைன்னா புகார் குடுக்கலாங்கப்பா. இப்பவே எழுதி வெச்சுக்கலாம்"னா. எழுதி வெச்சோம். மூணாம் நாள் அந்தக் கணக்கு காணாமப் போச்சு. ஆரம்பிச்சது யாருன்னு எங்களுக்கு ஒரு ஊகம் இருக்குது, அது அப்படியே இருக்கட்டும். எழுதின புகார் இன்னமும் பீரோவுல இருக்குது.

உடனே எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்காதீங்க. பரிச்சை முடியற வரைக்கும் சரியாத் தூங்கல. இன்னமும் ராத்திரியில போன் அடுத்தடுத்து மொனகினா மூஞ்சி மாறும். ஆனா திங்கக்கிழமை வயித்துவலி நின்னுருச்சு.

எங்க காட்டுல தக்காளி நாத்து வாங்கி நடறதுண்டு. நெழல்வலைக்குள்ள, தட்டுல வளந்த நாத்து. அதை அப்படியே கொண்டாந்து உச்சி வெயில்ல நட்டா மறு நாளே தொவண்டு போகும். அதுக்காக நெழல்வலைக்குள்ளயே காலத்துக்கும் வெச்சிருக்கவும் முடியாது. நடறதுக்கு ஒரு வாரம் முந்தி தண்ணியக் கொறைச்சு, காலை வெயில் கொஞ்சம், மறு நாள் இன்னுங்கொஞ்சம்னு காமிச்சுப் பழக்கோணும். வாடுதான்னு பக்கத்துலயே இருந்து பாத்துக்கோணும். புள்ளைங்களுக்குப் போன் குடுக்கறதும் அப்படித்தான்னு இப்பத் தோணுது. நான் ஒரே நாள்ல உச்சி வெயில்ல நட்டுட்டு, மஞ்ச வெலை பாக்கப் போயிட்டேன்.

எங்க வீட்டுல இப்ப இருக்கற பழக்கத்தை எழுதறேன். உங்களுக்கு ஆகறதை எடுத்துக்குங்க.

1. என்ன நடந்தாலும் சொல்லலாம், சொன்னதுக்காகப் போனைப் புடுங்க மாட்டோம். இதை நாங்க ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கோம். என்கிட்டச் சொல்ல முடியாதுன்னா ஆத்தாகிட்டயோ, கோயமுத்தூர் அக்காகிட்டயோ சொல்லலாம். ஒரு ஆளாவது இருக்கோணும்.

2. ராத்திரி ஒம்பதரைக்கு எல்லாப் போனும் சாமி அலமாரியில. என்ற போனும் சேத்துத்தான். மோட்டாருக்கு அலாரம் வைக்க நாலு கடிகாரம் வாங்கிட்டேன், ரெண்டு நின்னு போச்சு, அது வேற கதை.

3. செட்டிங்கை நாங்க சேந்து உக்காந்து மாத்தினோம். வாட்ஸ்அப்ல யாரு வேணா நம்மளைக் குரூப்புல சேக்கறதை நிறுத்தி வைக்கலாம். இன்ஸ்டாகிராம்ல கணக்கை ப்ரைவேட்டா வைக்கலாம். ப்ளாக் பண்ணினா அவனுக்குத் தெரிஞ்சு வம்பு வளரும்னு பயந்தா, ரெஸ்ட்ரிக்ட்னு ஒண்ணு இருக்குது. அவன் எழுதற கமெண்ட் அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.

4. வந்தா வரிசை இதுதான்: படம் எடுத்து வை, பதில் போடாத, ரிப்போர்ட், ப்ளாக், பெரியவங்ககிட்டச் சொல்லு.

5. நம்பருங்க சாமி அலமாரிக் கதவுல ஒட்டியிருக்கு. சைபர் கிரைமுக்கு 1930. புள்ளைங்களுக்கு 1098. மனசு தாங்காத நேரத்துக்கு 14416. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல பொண்ணுங்க, குழந்தைங்க சம்பந்தப்பட்டதைப் பேர் சொல்லாமலும் புகார் குடுக்கலாம். பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்களோட அந்தரங்கப் படம் வெளிய போயிருச்சுன்னா 'டேக் இட் டவுன்'னு ஒரு சேவை இருக்குது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்ல, நம்ம போன்லயே அதுக்கு ஒரு அடையாள எண் உண்டாக்கி அதை மட்டும்தான் அனுப்பும்.

6. போன்ல இல்லாத ஒரு வேலை அவளுக்குன்னு இருக்கோணும். கன்னுக்குட்டி இப்ப முழுசா பாப்பா பொறுப்பு. ஸ்கூல்ல யாரு என்ன சொன்னாலும், அதுக்கு இவதான் வேணும். இவ குரல் கேட்டாத்தான் அது கத்தும்.

ஏழாவதா ஒண்ணு, எனக்குன்னு பாப்பா போட்டது. அந்த வீடியோவை அழிக்கச் சொன்னா, அழிச்சுட்டேன். எத்தனை போன்ல எறங்கிப் போச்சோ, அதை அழிக்க முடியாது. அப்பறம், "இனிமே என்ற படம் போடறதுன்னா என்னைக் கேக்கோணுங்கப்பா. நானாச் சரின்னு சொல்ற வரைக்கும் வேண்டாம்"னா. ரெண்டு வருசமாச்சு, அவ இன்னும் சரின்னு சொல்லல. நானும் திருப்பிக் கேக்கல. நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதானுங்க.

இப்ப ப்ளஸ் டூ. பரிச்சை நெருங்கிருச்சு. நேத்துப் பொழுதோட தார்ப்பாய் மூட வந்தா. குவியல்ல இருந்து ஒரு வெரலியை எடுத்து, காதுகிட்ட வெச்சு உடைச்சுப் பாத்தா. "இன்னும் ரெண்டு நாள் ஆகோணுங்கப்பா"ன்னா. சத்தம் எப்படின்னு அவ சொல்லல, நானும் கேக்கல. கைய வேட்டியில தொடைச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம்.

மஞ்சத்தூள் கேட்டவங்களுக்கு, பங்குனி முதல் வாரம் அரைச்சுடுவோம். இந்தத் தடவை பாக்கெட்டு மேல படம் ஒண்ணும் இருக்காது, மஞ்சக் கெழங்கு மட்டுந்தான்.

வரட்டுங்களா.